எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாம்? யாழ்ப்பாணத்து இளம் பொறியியலாளருக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் அக்காவின் மகள் வீட்டுக்கு வந்தாள். கிளிநொச்சி அறிவியல் நகரில் சிவில் பொறியியல் படித்து முடித்து, இப்போது ஒரு ஒப்பந்தகாரரிடம் வீதி வேலையில் நிற்கிறாள். கையில் ஒரு தாள். அதில் ஏழெட்டு அமைப்புகளின் பெயர்கள், பக்கத்தில் சந்தாத் தொகை. சிலது ரூபாயில், சிலது பவுணில், சிலது டொலரில்.

“மாமா, உதுகளில எதுக்குக் காசு கட்டுறது? எல்லாத்துக்கும் கட்டேலாது.”

பிளேன்ரீ ஆறும்வரை பேசினோம், ஆறிய பிறகும் பேசினோம். இதே கேள்வியோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். அதனால் அன்று சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

அவளுடைய தாளில் மூன்று விதமான அமைப்புகள் கலந்து கிடந்தன. சில, அனுமதி தருபவை. அந்த நாட்டிலோ மாகாணத்திலோ பொறியியலாளராகத் தொழில் செய்ய அவற்றின் பதிவு இருந்தே ஆக வேண்டும். சில, தகுதிப் பெயர் தருபவை. உங்கள் அனுபவத்தைத் தோண்டித் துருவிப் பார்த்துவிட்டு, இவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்கலாம் என்று சொல்பவை. மிச்சம், படிப்பையும் ஆட்களையும் தருபவை: சஞ்சிகை, மாநாடு, பின்னேரச் சொற்பொழிவு. அரிசிக்கடையையும் நகைக்கடையையும் வாசிகசாலையையும் ஒரே தாளில் எழுதி எது மலிவு என்று கேட்டால் என்ன சொல்வது? ஆகவே நான் திருப்பிக் கேட்டேன்: “உன்னட்ட இப்ப எது இல்லை? இன்னும் அஞ்சு வருசத்தில எங்க இருப்பாய்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் மாமா இஞ்ச வாறன்?”

நியாயம்தான். நிச்சயித்திருக்கும் பொடியன் மெல்பேணில். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், தனியே விட்டுவிட்டுப் போக இவளுக்கு மனமில்லை. இங்கேயே உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இந்த ஊரில் முக்கால்வாசிப் பொறியியல் பட்டதாரிகளின் நிலை இதுதான். ஒரு கால் ஊரில், ஒரு கால் விமானநிலையத்தில்.

சரி, உள்ளூரில் இருந்து தொடங்குவோம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம், எங்கள் வாயில் ஐஈஎஸ்எல். 1906-இல் ஒரு பொறியியற் சங்கமாகத் தொடங்கி, 1968-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கச் சட்டத்தால் சட்டபூர்வமான அமைப்பானது. மாணவராக இருக்கும்போதே சேரலாம். பட்டம் கிடைத்த பிறகு இணை அங்கத்தவர். அப்புறம் சில வருடம் மேற்பார்வையில் பயிற்சி, பொறுப்பான வேலை, அதைப் பற்றிய அறிக்கை, நேர்காணல். இந்தத் தொழில்முறை மீளாய்வைத் தாண்டினால் முழு அங்கத்தவர், கூடவே பட்டயப் பொறியியலாளர். சைற்றில் யாரும் இந்தத் தமிழ்ப் பெயரைச் சொல்வதில்லை. “அவர் சாட்டட் எடுத்திட்டார்” என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள், அரச திணைக்களங்களும் சபைகளும் மேல்நிலைப் பொறியியற் பதவிகளுக்குப் போடும் விளம்பரங்களை எடுத்துப் பார்க்கட்டும். பட்டயத் தகுதி திரும்பத் திரும்ப வரும். தனியாரிலும் அப்படித்தான். ஆலோசனை வேலைக்கு விலைமனு போடும்போது குழுவில் யார் யார் சாட்டட் என்பதற்குப் புள்ளி உண்டு. அதாவது உங்களுடைய பட்டயத்தால் முதலாளிக்கும் லாபம் இருக்கிறது. சந்தாவின் ஒரு பகுதியையாவது கொம்பனி கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் கேட்கவே வெட்கப்படுகிறார்கள்.

இங்கே இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டத்தால் பொறியியற் பேரவை ஒன்று அமைக்கப்பட்டது. இங்கே தொழில் செய்பவர்கள் தங்கள் தகுதிக்கேற்ற பிரிவில் அங்கே பதிய வேண்டும். ஐஈஎஸ்எல் அங்கத்துவம் வேறு, பேரவைப் பதிவு வேறு. ஒன்று நீங்கள் தேடிப் போகும் பெயர், மற்றது சட்டம் கேட்கும் கடமை. “நான் ஐஈஎஸ்எல்தானே, பிறகென்ன?” என்று இருந்துவிடாதீர்கள்.

உள்ளூர் அமைப்பைப் பற்றி எனக்கு முறைப்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழும்பு விஜேராம மாவத்தையில் இருக்கும் தலைமையகத்தில் பின்னேரம் ஒரு நல்ல சொற்பொழிவு என்றால், அதைக் கேட்க யாழ்ப்பாணத்தில் இருப்பவர் லீவு போட்டு, 400 கிலோமீற்றர் போய், இரவு பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு திரும்ப வேண்டும். பல வருடம் நாங்கள் சந்தா கட்டியது அழைப்பிதழ் வாசிப்பதற்காகத்தான். கொரோனாவுக்குப் பிறகு சூம் வந்து அந்தக் குறையைப் பாதி தீர்த்தது. மீதிப் பாதியை வடக்கில் இருக்கும் நாங்களேதான் தீர்க்க வேண்டும். தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீரை மட்டுமே நம்பி வாழ்ந்த குடாநாட்டுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்! உப்பை வடிக்கும் சவ்வு எப்படி வேலை செய்கிறது, மின்சாரச் செலவு என்ன, வெளியேறும் உப்புநீர் எங்கே போகிறது என்று பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எது? இருபது பேர் கூடினால் போதும். கூடுவதில்லை. கோவில் திருவிழாக் கூட்டத்துக்கு இரவிரவாக இருப்போம், இதற்கு மட்டும் நேரமில்லை.

இப்படிப்பட்ட கூட்டங்கள் எதற்கு என்று கேட்பவருக்கு இலங்கைப் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கதையைச் சொல்வேன். 1918-இல் அவர் மேற்சொன்ன பழைய சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மலைநாட்டு ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதியிருந்தார். மேலிடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அரச சபைக்குப் போய் அங்கேயும் வாதாடினார். லக்ஷபான மின்நிலையம் 1950-இல்தான் இயங்கியது, கட்டுரை வாசித்து 32 வருடம் கழித்து. சங்கம் அவருக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருடைய மேசை லாச்சிக்குள் செத்துப்போகாமல் பதிவில் கிடந்தது. ஒரு திணைக்களக் கோப்பு இதைச் செய்யாது. அதிகாரி மாறினால் கோப்பு தொலையும்.

அடுத்தது பிரித்தானிய நிறுவகங்கள். எங்கள் தகப்பன்மார் காலத்தில் இவற்றுக்கு இருந்த மவுசு சொல்லி முடியாது. சிவில் பொறியியலாளர் நிறுவகம் 1818-இல் தொடங்கியது. தோமஸ் டெல்ஃபோர்ட் முதல் தலைவர், 1828-இல் அரச பட்டயம். ‘சாட்டட்’ என்ற சொல்லே அப்படி வந்ததுதான். இயந்திரப் பொறியியலாளருக்கு 1847-இல் தொடங்கிய நிறுவகம், மின், இலத்திரனியல்காரருக்கு ஐஈரி. பிரித்தானியாவில் ‘பொறியியலாளர்’ என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், சலவை இயந்திரம் திருத்த வருபவரும் சொல்லலாம். ‘பட்டயப் பொறியியலாளர்’ போன்ற பதிவுப் பெயர்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. அதனால்தான் பட்டயத்துக்கு அங்கே அவ்வளவு கனம்.

இவற்றின் அறிவுப் பக்கத்தையும் குறைத்துச் சொல்லக்கூடாது. வடமராட்சியில் பிறந்து பின்னாளில் யாழ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் துரைராஜா, கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடு சேர்ந்து களிமண் எப்படி இளகி நெகிழ்கிறது என்று எழுதிய கட்டுரை 1963-இல் கியோடெக்னிக் சஞ்சிகையில் வந்தது. அதைப் பல காலம் வெளியிட்டது இதே சிவில் நிறுவகம். மண்ணியல் படித்தவர்கள் ‘கேம் கிளே’ என்று சொல்லும் களிமண் மாதிரியின் வேர்களில் அதுவும் ஒன்று. இப்படியான பக்கங்களுக்குப் பின்னால் இந்த நிறுவகங்கள் நின்றிருக்கின்றன.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பவுணில் கட்டுவது லேசில்லை. 2022-இல் ரூபாய் விழுந்தபோது, ஒரே சந்தா ஒரே வருடத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. பலர் அப்போதுதான் விட்டார்கள், நானும் விட்டேன். வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் முழுத்தொகை கட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: அங்கே பட்டயத்துக்கு முதுகலை மட்டக் கல்வி அல்லது அதற்கு இணையான அறிவை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் நான்கு வருடப் பட்டத்தை எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்பதையும் காசு கட்ட முதலே எழுத்தில் வாங்குங்கள். என் கணிப்பு இதுதான்: பிரித்தானியக் கொம்பனியிலோ வளைகுடாவில் பிரித்தானிய ஆலோசகரிடமோ வேலை செய்யப் போகிறவருக்கு இது பெறுமதி. யாழ்ப்பாணத்தில் வீதி போடுபவருக்கு இப்போதைக்கு அலங்காரம்.

இனி வோஷிங்டன் உடன்படிக்கை, அதாவது ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாட்டு அமைப்புகளும் ஏற்பதற்கான ஒப்பந்தம். இதை விளங்காமல் எல்லோரும் குழம்புகிறார்கள். 1989-இல் அவுஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டு அமைப்புகள் கையெழுத்திட்டன. ஐஈஎஸ்எல் 2014-இல் முழு உறுப்பினரானது. இது மதிப்பது படிப்பை மட்டும்தான். இங்கே வாங்கிய பட்டயம் அங்கே அப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. படிப்பிலும், தர அங்கீகாரம் பெற்ற கற்கைநெறிக்கு மட்டும், அங்கீகாரம் செல்லுபடியாகும் வருடங்களுக்கு மட்டும். ஒரே பீடத்தில் ஒரு துறைக்கு இருக்கும், மற்றதுக்கு இராது. சீனியருக்கு இராது, ஜூனியருக்கு இருக்கும். “எங்கட கம்பஸ் வோஷிங்டனில இருக்கு” என்று தேநீர்க்கடையில் சொல்வதை நம்பாமல், உங்கள் கற்கைநெறியும் நீங்கள் பட்டம் பெற்ற வருடமும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில்தான் மெல்பேண் வருகிறது. அவுஸ்திரேலியாவுக்குப் பொறியியலாளராகக் குடிபெயர, ‘என்ஜினியர்ஸ் ஒஸ்ரேலியா’ என்ற அமைப்பு தகுதியை மதிப்பிடும். பட்டியலில் இருக்கும் பட்டம் என்றால் பாதை சுலபம். இல்லாவிட்டால் தகுதியை விளக்கும் அறிக்கை ஒன்று எழுத வேண்டும். செய்த வேலைகளில் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் கட்டுரையாக, ‘நான் என்ன செய்தேன்’ என்ற கோணத்தில். அதைக் காசுக்கு எழுதிக் கொடுக்கும் முகவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிரதி என்று பிடிபட்டால் தடை விழும். கலியாணத்தையே தள்ளிப்போட வைக்கும் விஷயம் அது, விளையாட்டில்லை. இந்த மதிப்பீட்டுக்கு நீங்கள் முதலே அங்கத்தவராகிச் சந்தா கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆகவே அந்தப் பெயரை அவளுடைய தாளில் வெட்டினேன். போகும் வருடம் நிச்சயமானால் அப்போது பார்க்கலாம். குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில் தொழில் செய்யத் தனிப் பதிவும் வேண்டும், அது இன்னொரு படி.

கனடாவில் கதையே வேறு. அங்கே மாகாணத்துக்கு மாகாணம் அனுமதி அமைப்பு. ஒன்ராறியோவில் அந்த அனுமதி இல்லாமல் பொறியியலாளர் என்று போட்டுக்கொண்டு தொழில் செய்தால் சட்டச் சிக்கல். அனுமதி அமைப்பு பொதுமக்களின் பாதுகாப்பைப் பார்க்கும், உங்களுடைய சம்பளத்தையும் மரியாதையையும் பற்றிக் கவலைப்படாது. அதனால்தான் பொறியியலாளர்களுக்காகக் குரல் கொடுக்க 2000-ஆம் ஆண்டில் அங்கே தனிச் சங்கம் ஒன்று உருவானது. எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே தலையில் கட்டிவிட்டு, “ஐஈஎஸ்எல் எங்களுக்கு என்ன செய்தது?” என்று கேட்கிறோம். ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான்மாருக்கு ஒரு நல்ல செய்தி: கனடிய அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை ஒன்ராறியோ 2023-இல் நீக்கிவிட்டது. சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறவர்கள் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. அங்குள்ள பொறியியலாளர் அமைப்பில் பதியாமல் பொறியியலாளர் வேலைக்கான கடதாசி நகராது. வேலை கிடைத்த பிறகு செய்வது அது.

மின், கணினிப் பக்கம் படித்தவர்கள் ஐ-டிரிப்பிள்-ஈ என்கிறார்கள். 1884-இலும் 1912-இலும் தொடங்கிய இரண்டு அமெரிக்கச் சங்கங்கள் 1963-இல் சேர்ந்து உருவான அமைப்பு அது. அனுமதியும் தராது, பட்டயமும் தராது. ஆனால் ஆராய்ச்சி செய்பவருக்கும் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கும் அதைப்போல் வாசல் வேறில்லை. மாணவராக இருக்கும்போது சந்தா மிகக் குறைவு. என் மகனின் சிநேகிதன் ஒருவன் மாணவர் கிளையில் ஒரு சிறு போட்டியை ஒழுங்குபடுத்தினான். வரவு செலவு, மேடை, பேச்சாளர், எல்லாம் அவன் பொறுப்பு. அவன் கதைப்பதே மாறிவிட்டது. அவனுடைய முதல் வேலை நேர்காணலில் கால்வாசி நேரம் அந்தப் போட்டியைப் பற்றித்தான் கேட்டார்களாம். சிவில்காரிக்கு இது தேவையில்லை, அதையும் வெட்டினேன்.

தாளின் கடைசியில் பீஎம்பீ. அது சங்கமே இல்லை, திட்ட முகாமைத்துவப் பரீட்சை. பட்டதாரிக்கு மூன்று வருடத் திட்ட அனுபவம் கேட்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடா விளம்பரங்களில் அதற்குக் கேள்வி அதிகம். நல்லதுதான், ஆனால் சைற்றில் இரண்டு வருடம் நின்ற பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம்? ஒரு பாலத்தின் வடிவமைப்பில் கை வைக்க முதல் அட்டவணை போடப் பழகினால், காலம் முழுக்க அட்டவணை போடவே கூப்பிடுவார்கள்.

அவளோடு வேலை செய்யும் பொடியன் ஒருவன், உயர் தேசிய டிப்ளோமா முடித்தவன், அன்று அவளை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தயங்கி நின்றான். “சேர், எங்களுக்கு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டான். இருக்கிறது. டிப்ளோமாக்காரர்களுக்கு ஒருங்கிணைந்த பொறியியலாளர் நிறுவகம் உண்டு, நாங்கள் சொல்வது ஐஐஈஎஸ்எல். பொறியியற் பேரவையிலும் அவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. பட்டதாரிகள் இதை இரண்டாந்தரமாகப் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. எனக்கு முதன்முதல் மட்டம் பார்க்கக் கற்றுத் தந்தவர் ஒரு டிப்ளோமாக்காரர்தான்.

இனி, எந்த அமைப்பானாலும் எல்லோரும் விழும் குழியைச் சொல்கிறேன். நான் முதல் தடவை தொழில்முறை நேர்காணல் ஒன்றுக்குப் போனபோது, வடிகால் வேலை ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். “நாங்கள் குழாயின் விட்டத்தைக் கூட்டினோம், நாங்கள் சரிவை மாற்றினோம்” என்று சொல்லிக்கொண்டே போனேன். எதிரில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘நான்’ என்று சொன்னால் திமிர் என்று சின்ன வயதில் இருந்தே பழகியவன். அந்தச் சரிவை மாற்றியது நான்தான், கணக்கும் என்னுடையதுதான். சொல்ல வரவில்லை. பெயில். போதாததற்கு நான் முதலில் வேலை செய்த இடத்தில் பயிற்சிக் குறிப்பேடு என்ற பேச்சே இருக்கவில்லை. கையெழுத்து வைக்க வேண்டியவர் வெளிநாடு போய்விட்டார். இரண்டு வருட அனுபவத்தை நினைவில் இருந்து தோண்டி எழுதினேன். பாதிக்கு ஆதாரம் இல்லை.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: இந்த வருடம் ஐஈஎஸ்எல் இணை அங்கத்துவம், பேரவைப் பதிவு, வேறெதற்கும் ஒரு சதம் கட்டாதே. மெல்பேண் போனாலும் போகாவிட்டாலும் எழுதி வைத்த அனுபவம் இரண்டு இடத்திலும் செல்லும். இங்கே மீளாய்வுக்கு எழுதுவதும் அங்கே மூன்று கட்டுரைக்கு எழுதுவதும் ஒரே சரக்குத்தான். மேற்பார்வைக்கு ஒரு சாட்டட் தேவை. அவளுடைய கொம்பனியில் இல்லாவிட்டால் வெளியே யாரையாவது வழிகாட்டியாகப் பிடிக்கலாமா என்று முதலில் கேட்டறியட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கட்டும். ஆள் மாறிப் போகுமுன் வாங்கட்டும்.

இரண்டு கிழமை கழித்து வந்தாள். கையில் புதுச் சீஆர் கொப்பி, மேலே பொலித்தீன் உறை கூடப் போட்டிருந்தாள். முதற்பக்கத்தில் மதகு ஒன்றின் அடித்தளம் பற்றி எழுதியிருந்தாள். தோண்டும்போது எதிர்பார்த்த ஆழத்தில் சுண்ணாம்புக்கல் வரவில்லை, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்திருக்கிறாள். நல்ல வேலை. வாசித்துக்கொண்டு போய் நாலாவது வரியில் நின்றேன்.

“ஆர் வேலையை நிப்பாட்டச் சொன்னது?”

“நாங்கள்…” என்று தொடங்கியவள் சிரித்துவிட்டுப் பேனையை எடுத்தாள்.